பெண் கேட்கப் போன வில்லி

ஒலிம்பியா வால்தெராமாவுக்கு அன்பாகச் சிரிக்க வரவில்லை.

விடிந்ததிலிருந்து நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தாள். உதட்டை இரண்டு பக்கமும் சமமாக இழுத்தாள். பல் கொஞ்சம் தெரிந்தது. கன்னம் மேலே ஏறியது. எல்லாம் சரியாகத்தான் வந்தது, அந்த இடது புருவம் வந்து சேருகிற வரைக்கும். அது யாரையும் கேட்காமல் தானாக எழுந்து, நெற்றியில் பாதி தூரம் ஏறி, அங்கே உட்கார்ந்துகொண்டு அறையையே ஏளனமாகப் பார்த்தது.

"எப்படிடா இருக்கு?" என்று மகனைக் கேட்டாள்.

ரூவல் பல் டாக்டர். விசேஷத்துக்குப் போடுகிற பாரோங் சட்டையின் பொத்தானைப் போட்டபடி அம்மாவின் முகத்தைக் கவனமாகப் பரிசோதித்தான். "பல்லெல்லாம் நல்லா இருக்கும்மா. ஆனா அடுத்த சீன்ல யாரோ சாகப் போறாங்கன்னு தோணுது."

"போடா."

"நிஜமாம்மா. என் கையே சில்லுனு ஆயிடுச்சு பாரு."

பையன் மேல் தப்பில்லை. நாற்பது வருஷம் அந்தச் சிரிப்பைப் பார்த்து நாடே நடுங்கியிருக்கிறது. ஒலிம்பியா படிக்கட்டிலிருந்து உருட்டிவிட்ட கர்ப்பிணிகளை வரிசையாக நிற்க வைத்தால் மணிலா விரிகுடாவை ஒரு சுற்று சுற்றி வரும். அவள் கையால் அறை வாங்காத கதாநாயகி அந்தத் தீவுகளிலேயே கிடையாது. அவள் படம் வெளியாகும் நாளில் தியேட்டர்களிலிருந்து வழிந்த கண்ணீரால் பாசிக் ஆறு கரை தாண்டியது என்று ஸ்டூடியோ வாட்ச்மேன் ஒருவர் மாதா மேல் சத்தியம் செய்வார்.

அவள் வில்லியாக வேண்டும் என்று வந்தவளே இல்லை. இலோய்லோவிலிருந்து கப்பலேறி மணிலாவுக்கு வந்தபோது அவள் பெயர் புரிங். கதாநாயகி வேஷத்துக்குத்தான் வந்தாள். இலோய்லோக்காரர்கள் திட்டினால்கூடத் தாலாட்டுப் பாடுவது போலிருக்கும். அவளுக்கும் அப்படி ஒரு தேன் குரல். டைரக்டர், "உன் அப்பா செத்துட்டாரு, அழு" என்றார். புரிங் மனதார அழுதாள். புருவம் எழுந்தது. டைரக்டர் வாயிலிருந்த சுருட்டு கீழே விழுந்து கால்சட்டையைப் பொசுக்கியது.

"இந்தப் பொண்ணு எங்கய்யா அழுவுது?" என்று அலறினார். "அப்பனக் கொன்னதே இவதான்!"

அன்றைக்கு மாலையே அவளுக்கு ஒரு கருப்பு உடை, ஒரு நீளமான சிகரெட் குழல், ஒலிம்பியா வால்தெராமா என்று ஒரு பெயர் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவள் நல்லவளாக ஒரு நிமிஷம்கூடத் திரையில் நின்றதில்லை.

வீட்டில் கரப்பான் பூச்சியை அடிக்கக்கூடக் கணவர் பாதோங்தான் வரவேண்டும். அவர் சண்டைக் கலைஞர். ஒவ்வொரு படத்தின் கடைசியிலும் ஒலிம்பியா தப்பித்து ஓடும் காரை அவளுடைய விக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையிலிருந்து உருட்டியவர் அவர்தான். "என் பெண்டாட்டிக்காக நான் செத்த மாதிரி எவன் செத்திருக்கான்?" என்று பெருமையாகச் சொல்லுவார். ரூவல் கல்லூரியில் இருக்கும்போது ஒரு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நிஜமாகப் போய்விட்டார்.

ஊர் மட்டும் அவளை நம்பவேயில்லை. கியாப்போ சந்தையில் ஒரு கிழவி பாங்குஸ் மீனால் அவள் முதுகில் சாத்தி, "அந்தப் புள்ளய எதுக்குடி மழையில வெளிய தள்ளுன?" என்று கேட்டாள். ஒலிம்பியா அந்த மீனையே விலைக்கு வாங்கி வந்து புளிச்சாறு வைத்துச் சாப்பிட்டாள். அதுதான் தனக்குக் கிடைத்த விருதுகளிலேயே ருசியானது என்பாள். பாவமன்னிப்புக் கேட்கப் போனால் பாதிரியார் மற்றவர்களுக்குக் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு ஜெபம் கொடுப்பார். அதையும் சொல்லிச் சிரிப்பாள். ஒவ்வொரு வசவும் அவளுக்கு மாலை மரியாதைதான்.

போன மாதம் வரைக்கும்.

போன மாதம் ரூவல் சாப்பிடுவதை நிறுத்தினான். விஷயம் மாரிவிக் என்கிற பள்ளிக்கூட டீச்சர். கடைவாய்ப்பல் வலி என்று அவன் நாற்காலியில் வந்து வாயைத் திறந்தாள். அத்தனை ஒழுங்கான பல்வரிசையை அவன் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லையாம். ஒரு வருஷமாகக் காதல். படாங்காஸ் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு. அவளுடைய அம்மா அலிங் சியோன், மாப்பிள்ளையின் தாயார் யார் என்று தெரிந்த நிமிஷம் கையிலிருந்த சோற்றுப் பானையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அந்த ராட்சசி வீட்டுக்கா? ஒரே வாரத்துல எம்பொண்ணப் படிக்கட்டுலேர்ந்து உருட்டி விட்ருவா!"

இதை மாரிவிக் வந்து அழுதுகொண்டே சொன்னபோது ஒலிம்பியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நம்ம வீட்ல படிக்கட்டே இல்லியேம்மா" என்றாள்.

"நானும் சொன்னேன் அத்தை. அதுக்கு அம்மா, கட்டிருவான்னு சொல்றாங்க."

மாரிவிக் இன்னொன்றும் சொன்னாள். அம்மா சம்மதிக்காமல் தான் கல்யாணம் செய்துகொள்ள மாட்டாளாம். அப்பா மாங் இஸ்கோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழி செய்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி சாப்பாட்டோடு வந்து பெண் கேட்டால், வாசலில் நிற்க வைத்து விரட்டுவது வழக்கமில்லை. உட்கார வைத்துக் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்ட பிறகு அந்தச் சபையிலேயே பதில் சொல்லியாகவேண்டும். அந்தப் பதிலை அப்புறம் யாராலும் மாற்ற முடியாது.

அன்றைக்கு இரவு ஒலிம்பியா முதல் தடவையாக, கூட்டத்தில் ஓரமாக ஆடுகிற பெண்ணாகவே இருந்திருக்கலாமோ என்று நினைத்தாள். ஊரார் பிள்ளைகளை அழ வைத்ததற்குக் கைதட்டல் வாங்கினாள். இப்போது சொந்தப் பிள்ளை சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

ஆனாலும் அவள் கையில் ஒரு ஆயுதம் இருந்தது. அலிங் சியோன் குமரியாக இருந்த காலத்தில் பெர்லீத்தா லுனா ரசிகர் மன்றத்தின் படாங்காஸ் கிளைத் தலைவி. ஒலிம்பியாவிடம் அறை வாங்கி வாங்கியே புகழின் உச்சிக்குப் போன அழுகை ராணி பெர்லீத்தா. ஒரு திருவிழா ஊர்வலத்தில் ஒலிம்பியாவின் வண்டியைக் குறி பார்த்து மரச்செருப்பு எறிந்தவள் இந்த சியோன்தான் என்பது கூடுதல் தகவல். அந்த பெர்லீத்தாதான் ரூவலுக்கு ஞானத்தாய். ஒலிம்பியாவின் உயிர்த்தோழி. சாமியே நேரில் வந்து சாட்சி சொன்னால் பூசாரி மறுக்க முடியுமா?

பெர்லீத்தா காரில் ஏறும்போதே சிகரெட்டோடுதான் ஏறினாள்.

"மாரே, அந்த ஊர்ல குளிர்ந்த பியர் கெடைக்குமா?" பிள்ளையின் ஞானத்தாயும் தாயும் ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பெர்லீத்தா, இன்னிக்கு ஒரு நாள் பியர் கெடையாது, சீட்டு கெடையாது, கெட்ட வார்த்தை கெடையாது. புனிதவதியா இரு."

"அது என் தொழில்டி. கேமரா இல்லாம செஞ்சதில்ல, அவ்ளோதான்." புகையை ஜன்னல் வழியாக விட்டாள். "ஒரு கண்ணுல அழவா, ரெண்டு கண்ணுலயுமா?"

"ஒண்ணு போதும்."

ரூவல் கார் ஓட்டினான். பின் சீட்டில் முழுப் பன்றி ஒன்று, பொன்னிறமாக வறுபட்டு, வாயில் ஆப்பிளோடு இரண்டு கிழவிகளுக்கும் நடுவே உட்கார்ந்து வந்தது. மூவரில் அதுதான் நிம்மதியாக இருந்தது.

கிராமத்துக்குள் நுழையும்போதே சேதி முந்திவிட்டது. டிரைசைக்கிள்கள் நின்றன. சேவல்கள்கூடக் கூவுவதை நிறுத்தின. மாங் இஸ்கோ வீட்டின் ஜன்னல்களில் மனிதத் தலைகள் வாழைக்குலை மாதிரித் தொங்கின. போதாத காலம், அந்த வாரம் பார்த்து டிவிக்காரர்கள் மத்தியானப் படமாக, பிள்ளையை அவள் மழையில் வெளியே தள்ளுகிற அந்தப் படத்தையே போட்டிருந்தார்கள்.

வாசலில் மாரிவிக் நின்றாள். பெரியவர்களைப் பார்த்தால் அவர்கள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து ஆசி வாங்குவது அங்கே எல்லாப் பிள்ளைகளும் செய்வது. மாரிவிக் ஒலிம்பியாவின் வலது கையைப் பிடித்து நெற்றியை நோக்கித் தூக்கினாள். அந்தக் கை! ஜன்னல்களில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்ததில் வாசல் திரைச்சீலை அந்தப் பக்கமாகப் பறந்தது. சியோன் பாய்ந்து வந்து மகளை இடுப்போடு பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"தொடாத!"

ஒலிம்பியா பழகி வைத்திருந்த சிரிப்பை எடுத்துவிட்டாள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மூன்று பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

சியோன் ஒல்லியான சின்ன உருவம். பெர்லீத்தா இருபது வயதில் வைத்திருந்த அதே சுருட்டைக் கொண்டையை இன்னும் கலைக்காமல் வைத்திருந்தாள். உள்ளே குழந்தை இயேசு சொரூபத்துக்குப் பக்கத்தில் பெர்லீத்தாவின் படம், அதற்குத் தனியாக ஒரு விளக்கு. ஒலிம்பியாவுக்குப் பின்னாலிருந்து நிஜ பெர்லீத்தா எட்டிப் பார்த்ததும் சியோனுக்குக் கால் மடங்கிவிட்டது. மாங் இஸ்கோ தாங்கிப் பிடித்தார்.

"நீங்களா... எங்க வீட்டுக்கா... இஸ்கோ, அந்த நாற்காலியத் தொடச்சு விடு! இன்னும் நல்லாத் தொடச்சு விடு!"

பெர்லீத்தா ராணி மாதிரி உட்கார்ந்தாள். ஒலிம்பியாவுக்கு யாரும் நாற்காலி துடைக்கவில்லை. அவளே தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாப்பாடு மேசையில் பரப்பப்பட்டது. பன்றி, பன்சித் நூடுல்ஸ், வேர்க்கடலைக் குழம்பில் வெந்த மாட்டு வால், முட்டைப் புட்டு. ஒரு பட்டாளத்தையே விருந்துக்குக் கூப்பிடலாம். யாரும் கை வைக்கவில்லை.

"சாப்பிடுங்க, சூடு ஆறுது" என்றாள் ஒலிம்பியா, தேன் குரலில்.

அந்தக் குரலைக் கேட்டதும் கிட்டே இருந்தவர்களும் தள்ளிப் போனார்கள்.

"எங்களுக்குப் பசியில்ல" என்றாள் சியோன். "சூப்புல என்ன கலந்தீங்கன்னு நாப்பது வருஷமா பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்."

"சூப்பே கொண்டு வரலியேம்மா."

"அதான். உஷாராயிட்டீங்க."

மாங் இஸ்கோவின் கண்கள் பன்றியின் மொறுமொறுப்பான தோலை விட்டு நகரவில்லை. கை மெல்ல நீண்டது. சியோன் திரும்பிப் பார்த்தாள். கை அப்படியே மேலே போய்த் தலையைச் சொறிந்தது.

ரூவல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முறைப்படி ஆரம்பித்தான். மாரிவிக்கைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவதாகச் சொன்னான். பல் செலவு அந்தக் குடும்பத்துக்கே இனி கிடையாது என்றான். சியோன் முகம் அசையவில்லை. ஒலிம்பியா மேசைக்கடியில் பெர்லீத்தாவின் காலை மிதித்தாள்.

பெர்லீத்தா எழுந்தாள். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழும்படி நின்றாள். கீழுதடு நடுங்கியது. இடது கண்ணில் ஒரே ஒரு துளி திரண்டு, தயங்கி, உருண்டது.

"ஒலிம்பியா... ரொம்ப நல்லவ" என்றாள், விம்மலுக்கு நடுவே. "என்னை... ஒரு நாளும்... கஷ்டப்படுத்தினதே இல்ல. சொந்தத் தங்கச்சி மாதிரி... வச்சுக்கிட்டா..."

ஒலிம்பியாவுக்கு நெஞ்சு நிறைந்தது. முடிந்தது காரியம் என்று நினைத்தாள்.

"ஐயோ பாவம்" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "மிரட்டிக் கூட்டியாந்திருக்கா."

"உடம்புல காயம் இருக்கான்னு பாருங்கடி" என்றது இன்னொன்று.

சியோன் பெர்லீத்தாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். "நீங்க பயப்படாதீங்க. இது எங்க ஊரு. இங்க யாரும் உங்கள ஒண்ணும் செய்ய முடியாது. இதே வார்த்தையத்தான அந்தப் படத்துலயும் போலீஸ்கிட்ட சொன்னீங்க? சொல்லிட்டு அன்னிக்கு ராத்திரியே செத்துப் போனீங்க. நான் மூணு நாள் பச்சத் தண்ணி குடிக்கல."

"இல்லம்மா, இது நிஜமாத்தான் சொல்றேன்!" என்றாள் பெர்லீத்தா.

"அதையும்தான் சொன்னீங்க."

பெர்லீத்தா பதறிப்போய் அழுகையை நிறுத்தப் பார்த்தாள். அது நிற்கவில்லை. அவள் கண்ணீர் ஒரு தடவை திறந்தால் ரீல் முடிகிற வரைக்கும் ஓடும். இரண்டாவது கண்ணும் சேர்ந்துகொண்டது. "மாரே, மாட்டிக்கிச்சுடி, நிக்க மாட்டேங்குது" என்று முணுமுணுத்தாள். அதை இன்னும் பெரிய கொடுமையின் அடையாளமாக ஊர் எடுத்துக்கொண்டது. ஒருவர் அரிவாள் எடுத்துவரப் போனதாகக் கேள்வி.

சியோன் எழுந்து நின்றாள். "கேட்டாச்சு. பதில் சொல்லிடுறேன்."

மாரிவிக் முகத்தை மூடிக்கொண்டாள். ரூவல் அம்மாவைப் பார்த்தான். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் பையன்கள் 'வில்லி மகனே' என்று கூப்பிட்டபோது பார்த்தானே, அந்தப் பார்வை.

"ஒரு நிமிஷம்" என்றாள் ஒலிம்பியா. தேனெல்லாம் வடிந்துபோன குரல். "எனக்கு நல்லவ மாதிரி நடிக்க வராதும்மா. கேட்டாலும் யாரும் வேஷம் குடுக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். என் வாழ்நாள்ல நான் யாரையும் அடிச்சதே இல்ல."

ஜன்னல்கள் விழுந்து விழுந்து சிரித்தன. தென்னை மரத்திலிருந்து ஒருவன் நிஜமாகவே விழுந்தான்.

"நாப்பது வருஷமா டிக்கெட் எடுத்துப் பாத்திருக்கேன்" என்றாள் சியோன். "பளார்னு சத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

"ஓரமா நிக்கிறவர் கையத் தட்டுவார். நான் வீசுறது கன்னத்துக்கு முன்னால போயிடும். தலையத் திருப்புறது இவ." அழுதுகொண்டிருந்த பெர்லீத்தாவைக் காட்டினாள். "ஒரு அரிசி மணி அளவு எடவெளி விடுவேன். ஒரு நாளும் பட்டதில்ல. கேளுங்க."

"அவங்கள எதுக்குக் கேக்கணும்? அவங்கதான் உங்கள விட்டுக் குடுக்க மாட்டாங்களே." சியோன் முன்னால் வந்தாள். சின்ன முகத்தை நிமிர்த்தினாள். "என்னை அடி."

"சியோன்!" என்றார் மாங் இஸ்கோ.

"நீ சும்மா இரு. பட்டுச்சா படலியான்னு என் கன்னம் சொல்லட்டும். பட்டுச்சுன்னா, எல்லாரும் அந்தப் பன்னியத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க."

ரூவல் அம்மா காதில் குனிந்தான். "வேணாம்மா. அவங்களுக்கு மேல்வரிசை பல் செட்டு. எகிறிச்சுன்னா கல்யாணமும் போச்சு, பல்லும் போச்சு."

ஒலிம்பியா தன் கையைப் பார்த்தாள். அவள் கடைசியாக அறைந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தன. காலையில் ஜாம் பாட்டில் திறக்கக்கூட வலு போதவில்லை, சும்மா வைத்திருந்தாலே விரல் நுனி நடுங்கியது. அந்தக் கையை ஒரு அரிசி மணி இடைவெளியில் நிறுத்த வேண்டும். தவறினால் மகனுடைய வாழ்க்கை. மறுத்தாலோ, பதில் ஏற்கெனவே தெரிந்ததுதான்.

எழுந்தாள். "என் கண்ண மட்டும் பாருங்க. கை வர்றப்ப பயந்து முன்னால வந்துடாதீங்க. தலைய—"

"தெரியும்" என்றாள் சியோன் பட்டென்று. "எடது தோளுதான் மொதல்ல போவணும். தல பின்னால வரும். கடைசியா முழங்காலு."

ஒலிம்பியா அப்படியே நின்றுவிட்டாள்.

அது சும்மா படம் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இல்லை. விழுந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெர்லீத்தாவுக்கே அது பிடிபட ஆறு படம் ஆயிற்று. ஒலிம்பியா இப்போதுதான் அந்தச் சின்ன முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கலைக்காத கொண்டை. வெளிச்சம் விழுகிற பக்கமாகத் தானாகத் திரும்பியிருந்த கன்னம். துடிக்கிற தொண்டை. அது பயமா? மேக்கப் போட்டு முடித்துக் கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிற புதுமுகங்களிடம் அந்தத் துடிப்பை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இந்தப் பெண் பிள்ளை எத்தனை வருஷமாக அடுப்படியில் தனியாக விழுந்து எழுந்தாளோ!

ஒலிம்பியா சிரிக்கிற முயற்சியையெல்லாம் கைவிட்டாள். காலையிலிருந்து கட்டிப்போட்டு வைத்திருந்த புருவத்தை அவிழ்த்துவிட்டாள். அது போன உயரத்துக்கு அந்த வீட்டுக் கூரையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டியிருக்கலாம்.

"பெர்லீத்தா, நீ சத்தம் குடு" என்று ஓரக்கண்ணால் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அடுத்து வந்த குரலைக் கேட்டு வராந்தாவில் நாய் எழுந்து ஓடிவிட்டது.

"அடி நாயே! காப்பிக்கொட்ட பொறுக்குற குடும்பத்துல பொறந்துட்டு, வால்தெராமா மாளிகையில கால் வைக்கப் பாக்குறியா?"

மாங் இஸ்கோ நாற்காலியிலிருந்து எழுந்தார். சியோன் கையை நீட்டி அவரை நிறுத்தினாள். அவள் கண்கள் அகன்றன. அடுத்த நொடி அவற்றில் நீர் நிரம்பியது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"நாங்க ஏழைங்கதான் சீமாட்டி!" குரல் உடைந்தது, உடைய வேண்டிய இடத்தில். "ஆனா எங்களுக்கும் மானம் இருக்கு!"

"மானமா? அத எங்க வீட்டுத் தோட்டத்துல மாடு மேயுது!"

"நீ என்னை மிதிக்கலாம்! என் காதலை மிதிக்க முடியாது!"

மாங் இஸ்கோ குழம்பிப்போய், "எந்தக் காதலை?" என்றார்.

ஒலிம்பியாவின் கை எழுந்தது. நடுக்கம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. கை வீசியது. பெர்லீத்தா கண்ணீர் வழிய வழிய உள்ளங்கைகளைச் சேர்த்துத் தட்டினாள். பளார்! பக்கத்து ஊரில் இடி என்று துணியை எடுத்து உள்ளே போட்டார்களாம்.

சியோன் போனாள். தோள் முதலில், தலை பிறகு. சுழன்று, பெஞ்சில் சாய்ந்து, அங்கிருந்து மெல்ல வழிந்து, கடைசியில் முழங்கால். கொண்டை அவிழ்ந்து தரையில் விசிறி மாதிரி விரிந்தது. ஒரு கை மட்டும் வாசலை நோக்கி நீண்டு கிடந்தது.

ஊர் அலறியது. "கொன்னுட்டா! கொன்னுட்டா!"

சியோன் எழவில்லை.

ஒலிம்பியா தன் விரல்களைப் பார்த்தாள். பட்டுவிட்டதா? விரல் நுனியில் ஏதோ உரசின மாதிரி இருந்ததே, முடியா, தோலா? முட்டி கதறக் கதறத் தரையில் மண்டியிட்டாள். "அம்மா... சியோன்... பட்டுடுச்சா? எங்க பட்டுச்சு? சொல்லும்மா."

சியோனின் கண்கள் மூடியே இருந்தன. உதடு மட்டும் கொஞ்சமாக அசைந்தது.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்களா?"

ஒலிம்பியா நிமிர்ந்து ஜன்னல்களைப் பார்த்தாள். "ஆமா."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

ஒலிம்பியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று உள்ளேயிருந்து ஏறி வந்தது. குனிந்து சியோனின் காதருகே சொன்னாள். "ஒரே டேக்குல ஓகே. பெர்லீத்தாவே ஒரு நாளும் இப்படி விழுந்ததில்ல."

மூடிய இமைகளுக்குக் கீழே ஒரு கண்ணீர்த் துளி ஊறி வந்தது. அதை எந்த டைரக்டரும் கேட்கவில்லை.

பிறகு சியோன் எழுந்தாள். கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு இல்லை, தடம் இல்லை. "காத்துதான் வந்துச்சு" என்று அறிவித்தாள். "வெறும் காத்து. பாவம் இந்தப் பொம்பள, நாப்பது வருஷமா காத்த அடிச்சதுக்கா செருப்படி வாங்கியிருக்கா!" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதுல ஒரு செருப்பு என்னோடது" என்றாள்.

"குறி நல்லா இருந்துச்சு" என்றாள் ஒலிம்பியா.

"இஸ்கோ, தேதி பாரு. மழக்காலம் வேணாம். மாரிவிக், கண்ணத் தொடச்சுக்க, அத்தை கையப் புடிச்சு ஆசி வாங்கு."

மாரிவிக் அந்தக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு விடவேயில்லை. ரூவல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான். மாங் இஸ்கோ கேள்விக்கு இடம் வைக்காமல் பன்றியின் முதுகுத் தோலை முழுசாக உரித்து எடுத்தார். அடுத்த பத்து நிமிஷத்தில் அந்தப் பன்றி இருந்ததற்கு ஆப்பிள் மட்டும்தான் சாட்சி.

அப்போது கொல்லைப் பக்க ஜன்னலிலிருந்து ஒரு கிழவி புலம்பினாள். "ஏண்டி சியோன், எங்களுக்கு ஒண்ணுமே தெரியலியே! இந்தத் தூணு மறச்சிருச்சு!"

சியோன் வாயிலிருந்த பன்சித்தை அவசரமாக விழுங்கினாள். அவிழ்ந்த கூந்தலை மறுபடி சுருட்டிக் கொண்டை போட்டாள். பெஞ்சை அந்தப் பக்கம் தெரியும்படி இழுத்துப் போட்டாள். நடுவில் பெர்லீத்தா லுனா தட்டோடு நின்றுகொண்டிருந்தாள், இன்னும் லேசாக அழுதபடி.

"அம்மா, நீங்க கொஞ்சம் நகந்து நில்லுங்க" என்றாள் சியோன், தன் தெய்வத்திடம். "வெளிச்சத்த மறைக்கிறீங்க."

பெர்லீத்தா வாய் பிளந்தாள். அவள் அது வரை அடக்கி வைத்திருந்த கெட்ட வார்த்தை ஒன்று கடைசியில் வெளியே வந்தது. அது யார் காதிலும் விழவில்லை.

ஒலிம்பியா கையை உதறி விரல்களை நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"ரெடியா, சம்பந்தி?"

"இந்தத் தடவ" என்றாள் சியோன், "என் குடும்பத்த இன்னும் கொஞ்சம் கேவலமாத் திட்டுங்க."